அண்ணாச்சி வண்டி போன ஒர்க்‌ஷாப்

அண்ணாச்சி மகள் அஸ்வதிக்கு விபத்தில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த மறு நிமிஷமே ஆரியசாலையில் அடுத்த கேள்வி கிளம்பிவிட்டது. அண்ணாச்சி வண்டியை எந்த ஒர்க்‌ஷாப்பில் விடப்போகிறார்?

வேறு யார் வண்டியாவது இடித்திருந்தால் இது ஒரு கேள்வியே இல்லை. இன்ஷூரன்ஸ்காரன் கை காட்டுகிற இடத்திலோ மச்சினன் கை காட்டுகிற இடத்திலோ விட்டுவிட்டு அவரவர் ஜோலியைப் பார்ப்பார்கள். நெல்லையப்ப அண்ணாச்சிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் ஆரியசாலையில் மோட்டார் சாமான் கடை வைத்திருப்பவர். திருவனந்தபுரத்துப் பாதி ஒர்க்‌ஷாப்புகளுக்கு பிரேக் பேடும் கிளட்ச் தட்டும் ஃபில்டரும் அவர் கடையிலிருந்துதான் போகின்றன. அத்தனை பேரும் வாடிக்கைக்காரர்கள். அத்தனை பேரும் சனிக்கிழமை காலையில் வரிசையாக போன் செய்தார்கள்.

“மோளுக்கு ஒந்நும் பற்றியில்லல்லோ அண்ணாச்சி? தெய்வம் காத்து. பின்னே, வண்டி நம்மகிட்டதானே வருந்நது?”

இரண்டு கேள்விக்கும் நடுவே மூச்சு விட்டவர்கள் குறைவு. ஒருவன் மகள் பேச்சையே விட்டுவிட்டு நேரே வண்டிக்கே வந்துவிட்டான். நெல்லையப்பன் எல்லோருக்கும் “பாப்போம், பாப்போம்” என்றே பதில் சொன்னார். கடையில் வேலை பார்க்கும் பிச்சையா கொண்டுவந்து வைத்த டீ அவர் முன்னால் ஆடை கட்டிக்கிடந்தது. எந்த ஒர்க்‌ஷாப் என்ற கேள்வியின் அடியில் வேறு ஒரு கேள்வி கிடந்ததும், அதை இன்னும் யாரும் கேட்கவில்லை என்பதும் அவருக்கு மட்டும் தெரியும். அவருக்கும், ஒர்க்‌ஷாப்காரன் அனிலுக்கும்.

நெல்லையப்பனுக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மீசை அரும்பும் வயதில் மாமா முறைக்காரர் ஒருவரின் கடைக்கு எடுபிடியாக வந்து சேர்ந்தவர், அந்த மாமா நொடித்துப்போனபோது அதே கடையைத் தானே எடுத்து நிமிர்த்திக் காட்டினார். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, நெற்றியில் ஒரு கோடு திருநீறு. பேச்சில் பாதி திருநெல்வேலி, பாதி சாலைக் கம்போளத்துச் சந்தை மலையாளம். எந்த வண்டியின் எந்தச் சாமானையும் பெட்டியைத் திறக்காமல் எடை பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை. கேட்டால், “மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்னுகிட்டா இருக்கான்?” என்பார்.

கார் வாங்கியது மகளுக்காக. அஸ்வதிக்குப் பொன்முடித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. விதுரையில் வாடகைக்கு வீடு எடுத்திருந்தாள். காலையில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்குவாள். பஸ்ஸை நம்பினால் பிரேயர் முடிந்துதான் போய்ச் சேர முடியும். மாப்பிள்ளை ஆதர்ஷ் மஸ்கட்டில். அதனால் அப்பா பேரில் கார் எடுத்து, அப்பா பேரிலேயே இன்ஷூரன்ஸும் கட்டி, அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். சனி ஞாயிறு கரமனையில் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் மலையேறும்போது தினமும் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு ஒரு ஜீப் முன்னால் போகுமாம். பிள்ளைகள் பின்பக்கம் கையை நீட்டி “டீச்சரே, டீச்சரே” என்று கத்திக்கொண்டே வருமாம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை. நெடுமங்காடு தாண்டுவதற்குள் முன்னால் போன, மரத்தடி ஏற்றிய லாரி சட்டென்று நின்றது. அஸ்வதி பிரேக்கை மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. லாரியின் மூலையில் முட்டி, திரும்பி, ஓடையில் ஒரு சக்கரத்தை இறக்கிக்கொண்டு நின்றது. நல்லவேளை, தோள்பட்டை எலும்பு பிசகியதோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் கையைத் தூக்கிக் கட்டி அனுப்பிவிட்டார்கள்.

“மழையில என்னத்துக்குடி அவ்வளவு வேகம்?” என்று இரவெல்லாம் தாய் உலகம்மை மகளைப் பிடுங்கி எடுத்தாள். பயந்துபோன தாய்மாருக்குத் திட்டத்தான் வரும்.

“வேகம் ஒண்ணும் இல்லம்மா. நான் பிரேக் சவிட்டினேன். கால் தரையோட போச்சு. வண்டி பாட்டுக்கு வழுக்கிட்டே போச்சு.”

அறை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த நெல்லையப்பனுக்குப் போன மாதம் அந்த வண்டியை சர்வீஸுக்கு விட்டது ஞாபகம் வந்தது. அவர் முன்னறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர் கடையில் இரண்டு வகைச் சரக்கு உண்டு. முன்னால் கண்ணாடி அலமாரியில் இருப்பது கம்பெனிச் சரக்கு. பின்னறையில் இருப்பது உள்சரக்கு. பெட்டியும் நிறமும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். எங்கோ வடக்கே ஒரு பட்டறையில் செய்து வருவது. விலை குறைவு, ஆயுசும் குறைவு. இதில் நெல்லையப்பன் யாரையும் ஏமாற்றியதில்லை, அதாவது அவர் கணக்கில். கேட்கிறவனிடம் இது உள்சரக்கு என்று சொல்லியே கொடுப்பார். வாங்குகிற ஒர்க்‌ஷாப்காரன் தன் வாடிக்கைக்காரரிடம் கம்பெனிச் சரக்கு மாட்டினேன் என்று சொன்னால் அது அவன் பாடு. “நான் பொய் சொன்னேனா? சொன்னது அவன்லா” என்று கை கழுவிவிடுவார். இத்தனை வருஷத்தில் அந்தக் கை ரொம்பச் சுத்தமாகத்தான் இருந்தது.

அதை ஒரே ஒருத்திதான் ஒப்புக்கொள்ளவில்லை. பாப்பனங்கோட்டில் மாமனார் வைத்திருந்த ஒர்க்‌ஷாப்பை எடுத்து நடத்துகிற ஷைலஜா. ஒருமுறை அவள் கேட்ட கம்பெனிச் சரக்கு தீர்ந்துபோயிருந்ததால் நெல்லையப்பன் உள்சரக்கை அனுப்பிவைத்தார். பெட்டி அதே ஆட்டோவில் திரும்பி வந்தது. “ஈ சாதனம் எனக்கு வேண்டா. மாட்டினது நானாணெங்கில் பதில் சொல்றதும் நானாக்கும்” என்று ஆட்டோக்காரன் மூலம் வாய்ச்சொல்லும் வந்தது. ஆட்டோக்காரன் அதைக் கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னான். அன்றிலிருந்து நெல்லையப்பனுக்கு அவள் பேர் மகாராணி. அடுத்த ஓணத்துக்குள் மகாராணி கடையைப் பூட்டிவிடுவாள் என்று டீக்கடையில் ஜோசியம் சொன்னார். ஓணம் பல வந்து போயின. மகாராணி பூட்டவில்லை.

சரி, அந்த அனில் விஷயத்துக்கு வருவோம்.

அனிலின் ஒர்க்‌ஷாப் அட்டக்குளங்கரையில். கடைக்குப் பக்கம், கைக்கு அடக்கம், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பட்டியலிலும் உண்டு. அஸ்வதி வண்டியை சர்வீஸுக்கு அங்கேதான் விடுவாள். போன மாதமும் விட்டாள். அன்று மத்தியானம் அனிலிடமிருந்து கடைக்கு போன் வந்தது. ஒரு செட் முன் சக்கரத்து பிரேக் பேட் வேண்டும். வண்டியின் மாடலைச் சொன்னான். அந்த மாடல் ஊரெல்லாம் ஓடுகிறது.

“எப்பவும் போறதுதானே?” என்றார் நெல்லையப்பன்.

“எப்பவும் உள்ளது தன்னே அண்ணாச்சி.”

பிச்சையா சாப்பிடப் போயிருந்தான். நெல்லையப்பனே பின்னறைக்குப் போய், ஸ்டூலில் ஏறி, பெட்டியை எடுத்துத் துடைத்து ஆட்டோவில் கொடுத்தனுப்பினார். யார் வண்டிக்கு என்று கேட்கும் வழக்கம் அந்தத் தொழிலில் கிடையாது. இது உங்கள் வீட்டு வண்டிக்கு என்று அனிலும் சொல்லவில்லை. அவன் வேண்டுமென்று மறைத்தான் என்று சொல்வதற்கில்லை. பத்து வண்டியை ஒன்றாகத் திறந்து போட்டுக்கொண்டு, ஒரே மூச்சில் சாமான் கேட்கிறவன் அவன். கேட்டதும் பழக்கம், கொடுத்ததும் பழக்கம். அந்தப் பழக்கத்தில் அவர் மகள் மலை இறங்கிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை கடைக்கு அனில் போன் செய்யவில்லை. நேரிலேயே வந்தான். பிச்சையாவை ஒரு பார்வை பார்த்தான். நெல்லையப்பன் அவனைப் பின்னறைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

“அண்ணாச்சி, வண்டி எனிக்கே வரட்டும். நானே கழத்தி நானே மாட்டித் தரேன். கேஷ்லெஸ் ஆணு, அண்ணாச்சி கையிலேர்ந்து ஒந்நும் போகாது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் கேசவ் நமக்கு வேண்டப்பட்ட பையன்தான். அவன் வருந்நதுக்கு முன்னே முன் வீல் மாத்திரம் ஒந்நு…”

“ஒந்நு?”

அனில் கதவை ஒருக்களித்துச் சாத்தினான். “அந்தப் பேடை மாற்றிடலாம். வேறொருத்தன் திறந்தா கேடு எனக்கு மாத்திரம் இல்லல்லோ அண்ணாச்சி. பெட்டி எவிடெந்நு வந்நது, யாரு கொடுத்தது, அதெல்லாம் வரும். சாலைக் கம்போளம் முழுக்கப் பேசும். அண்ணாச்சிக்கு இந்த வயசில இது வேணுமா?”

அவன் மிரட்டினானா, கெஞ்சினானா என்று நெல்லையப்பனுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சுற்றிலும் சுவர் உயரத்துக்கு அந்தப் பெட்டிகள்தான் அடுக்கியிருந்தன. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் ஒர்க்‌ஷாப்பில் விட்டால் எல்லாம் சத்தமில்லாமல் முடியும். மகளுக்கு நல்ல பேட் மாட்டிக் கொடுத்துவிடலாம், கடைப் பேரும் பிழைக்கும். இதைவிட வேறென்ன வேண்டும்?

“செரி. உங்கிட்டயே வரட்டும்” என்றார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து பேசிய பெண்ணிடம் அனில் பேரைச் சொன்னார். அவள் தேன் ஒழுகும் குரலில், எங்கள் பட்டியலில் உள்ள ஒர்க்‌ஷாப் என்றால் நீங்கள் பணம் தரவேண்டாம் சார், வேறு இடம் என்றால் நீங்கள் கொடுத்துவிட்டுப் பிறகு எங்களிடம் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் எங்கே விடுவது என்பது உங்கள் இஷ்டம் சார் என்றாள். அந்தக் கடைசி வார்த்தை அவருக்கு முள்ளாகக் குத்தியது.

வண்டி நெடுமங்காட்டில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாகக் கிடந்தது. அதை ஏற்றிவர கம்பெனி ஒரு ரெக்கவரி வேன் அனுப்பியது. டிரைவர் பெயர் சஜி. நெல்லையப்பன் கூடவே போனார். வண்டிக்குள் பள்ளிக்கூடப் பை இருக்கிறது, நானே எடுக்க வேண்டும் என்று அஸ்வதியும் கிளம்பிவிட்டாள். உலகம்மை எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை.

நெல்லையப்பன் வண்டியின் நசுங்கிய முகத்தைத் தடவிப் பார்த்தார். டிரைவர் பக்கம் கொஞ்சம் தள்ளி முட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. சஜி வண்டியை மேலே இழுத்து ஏற்றிச் சங்கிலி போட்டான். மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்தார்கள். அஸ்வதி நடுவில், பையை மடியில் வைத்துக்கொண்டு.

வேன் கிளம்பியது. பேரூர்க்கடை தாண்டும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்.

“அப்பா, நான் இனி ஓட்டப் போறதில்ல.”

“கை சரியாகட்டும் மக்கா. பிறகு பாப்போம்.”

“கை இல்லப்பா. எனக்கு ஓட்டத் தெரியல. ராத்திரி முழுக்க நினைச்சுப் பாத்தேன். பதறிப்போய் பிரேக்குக்குப் பதிலா கிளட்சை சவிட்டிட்டேனோ என்னவோ. தப்பு என் மேலதான். மலையில அந்த ஜீப்புக்குப் பின்னால வரும்போது இது நடந்திருந்தா? அத்தனை பிள்ளைய உள்ள இருக்கு. நான் வேலைய விட்டுடுதேன்பா.”

அவள் அழவில்லை. கணக்குப் போட்டு விடை கண்டவள் மாதிரிச் சொன்னாள். அதுதான் நெல்லையப்பனைக் கொன்றது. ஓட்டுநர் லைசென்ஸ் வாங்கிய அன்று இவளை ஆரியசாலை முழுக்க ஊர்வலம் விட்டவர் அவர். மலையில் வண்டி ஓட்டுகிற பிள்ளை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டவர். நீ தப்புச் செய்யவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், பின்னே யார் செய்தது என்று கேட்பாள்.

சஜியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அனிலின் குரல் வந்தது. “எவிடெ எத்தி? நான் கேட் திறந்து வெச்சிருக்கேன். வேகம் வா.”

“தம்பானூர் ஆயி சேட்டா.”

நெல்லையப்பன் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கிள்ளிப்பாலத்தில் ஒரு பக்கம் போனால் அட்டக்குளங்கரை. நேரே போனால் கரமனை, அதைத் தாண்டி பாப்பனங்கோடு. அவர் மனசில் ஒரு பக்கம் கடை இருந்தது. எடுபிடியாக வந்து எழுப்பிய கடை. எதிர்க்கடைக்காரன் சிரிப்பான். டீக்கடையில் அவர் போய் நின்றால் பேச்சு நிற்கும். ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லாம், அண்ணாச்சியே தன் சரக்கை நம்பவில்லை என்று வேறு கடைக்குப் போவார்கள். இதெல்லாம் நடக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இன்னொரு பக்கம் இவள், தான் செய்யாத தப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சிக்னலில் வேன் நின்றது. சஜி இண்டிகேட்டரைப் போட்டான்.

“சஜி, திரும்பாத” என்றார் நெல்லையப்பன்.

“எந்தா அண்ணாச்சி?”

“நேரே போ. பாப்பனங்கோடு. ஷைலஜா ஒர்க்‌ஷாப்.”

சஜி திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் அந்தக் கதை தெரியும் போலிருந்தது. பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்ததும் ஒன்றும் சொல்லாமல் நேரே விட்டான். கரமனைப் பாலம் ஏறுவதற்குள் அனிலின் போன் மறுபடி அடித்தது. சஜி எடுக்கவில்லை. பிறகு நெல்லையப்பன் சட்டைப்பையில் அடித்தது. அவரும் எடுக்கவில்லை. இன்ஷூரன்ஸ் பெண்ணுக்கு மட்டும் போன் போட்டு, இடம் மாற்றியிருக்கிறேன், சர்வேயரை இங்கே அனுப்புங்கள் என்றார்.

ஷைலஜா ஒரு வண்டியின் அடியிலிருந்து எழுந்து வந்தாள். காக்கிச் சட்டை, தலையில் துணி. வேன் மேலிருந்த வண்டியைப் பார்த்தாள், அதிலிருந்து இறங்குகிற நெல்லையப்பனைப் பார்த்தாள்.

“அண்ணாச்சிக்கு வழி தெற்றியோ?”

“வழி தப்பலே. இங்கதான் வந்தேன்.”

“எனக்கு அந்தக் கம்பெனியோட டை-அப் ஒந்நும் இல்லை. பைசா முதல்ல நீங்க தரணும்.”

“தாரேன்.”

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அஸ்வதியின் தோள் கட்டைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள். “மோளாணோ ஓட்டினது?” என்று கேட்டு, உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்துவந்து நிழலில் போட்டாள். நெல்லையப்பனுக்கு நாற்காலி வரவில்லை.

சர்வேயர் கேசவ் பைக்கில் வந்து சேர்ந்தபோது அவனுக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. அனில் அவனிடம் என்ன சொல்லியிருந்தானோ தெரியவில்லை. சுற்றிச் சுற்றி போட்டோ எடுத்தான். பம்பர், ஹெட்லைட், பானெட். எழுதிக்கொண்டே, “இது போதும் சேச்சி. மற்றது ரிப்பேர் சமயத்தில நோக்கலாம்” என்றான்.

அதோடு விட்டிருந்தால்கூட விஷயம் அமுங்கியிருக்கும். நெல்லையப்பன்தான் வாயைத் திறந்தார்.

“முன் வீலைக் கழத்திப் பாருங்க.”

ஷைலஜா அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு ஜாக்கி வைத்துத் தானே சக்கரத்தைக் கழற்றினாள். பிரேக் பேடை வெளியே எடுத்துத் துணியால் துடைத்து, மேசைமேல் வைத்தாள். இரும்புத் தகட்டில் ஒட்டியிருக்க வேண்டிய பாகம் ஒரு ஓரமாகப் பிய்ந்து போயிருந்தது. மீதி, அடுப்பில் வைத்து எடுத்ததுபோல வெடித்திருந்தது. பார்த்தவுடன் நெல்லையப்பனுக்குத் தெரிந்துவிட்டது. தான் ஸ்டூலில் ஏறி எடுத்த பெட்டி அது.

கேசவ் குனிந்து பார்த்தான். “இது புதுசுபோல இருக்கே. எவிடெயா மாற்றியது?”

“போன மாசம் அனில் சேட்டன் ஒர்க்‌ஷாப்பில” என்றாள் அஸ்வதி.

கேசவ் எழுதத் தொடங்கினான். அந்த நிமிஷம் நெல்லையப்பன் சும்மா இருந்திருந்தால் போதும். எல்லாம் அனில் தலையில் விழுந்திருக்கும். அவனும் யோக்கியன் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு வழி திறந்து கிடந்ததை நெல்லையப்பன் பார்க்காமல் இல்லை. ஒரு அடி முன்னால் வந்தார்.

“தம்பி, மாட்டினது அனில்தான். கொடுத்தது நான்” என்றார். “என் கடைச் சரக்கு. உள்சரக்கு. என் கையாலதான் எடுத்துக் கொடுத்தேன். உங்க ரிப்போர்ட்டில எழுதணும்னா எழுதுங்க. க்ளெய்ம் போனாலும் போகட்டும்.”

பக்கத்தில் தகரம் தட்டிக்கொண்டிருந்தவன் சுத்தியலை நிறுத்தினான். கேசவ் ஷைலஜாவைப் பார்த்தான். அவள் மேசைமேல் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கழித்து ஜெயித்தவளுக்கு முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

“புதுசு வாங்கணும்” என்றாள். “எவிடெந்நு எடுக்கட்டும் அண்ணாச்சி?”

“நீங்க எங்க எடுப்பியளோ அங்கேயே எடுங்க. என் கடையில வேண்டாம்.”

அஸ்வதி எழுந்து வந்து மேசைப் பக்கம் நின்றாள். நல்ல கையால் அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்போ நான் சவிட்டினது பிரேக்கைத்தானா அப்பா?”

“பிரேக்கைத்தான் மக்கா. சரியாத்தான் சவிட்டினே. உங் கால்ல ஒரு தப்பும் இல்ல.”

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ராத்திரியிலிருந்து அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்தது. நெல்லையப்பன் அவள் தலையில் கை வைக்கப் போனார். அவள் விலகவில்லை, ஆனால் சாய்ந்துகொள்ளவும் இல்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

“ஜீப்புக்கு யாருப்பா சாமான் கொடுக்கிறது?”

அவருக்கு முதலில் புரியவில்லை.

“பிள்ளையள ஏத்திக்கிட்டு மலை ஏறுதே, அந்த ஜீப்பு. விதுரையில பினு சேட்டன் ஒர்க்‌ஷாப்பிலதான் அதைப் பாக்கிறாங்க. பினு சேட்டனுக்குப் பஸ்ஸில பார்சல் போடுறது நீங்கதானே?”

“நாந்தான் மக்கா” என்றார் நெல்லையப்பன். வாராவாரம் பிச்சையா விதுரை பஸ்ஸில் ஏற்றிவிடும் பெட்டி கண்முன் வந்தது. அதற்குள் என்ன இருக்கும் என்று யாரும் எழுதிக்கூடக் கொடுப்பதில்லை. அவர் போனை எடுத்தார். பினுவைக் கூப்பிட்டார். பினு உடனே எடுத்துவிட்டான்.

“பினு, அந்தப் பள்ளிக்கூட ஜீப்புக்கு பிரேக் மாத்தினியா?”

“மாற்றி அண்ணாச்சி. மழைக்கு முன்னே மாற்றிட்டேன்.”

“எந்தச் சாமான்?”

“எந்தா அண்ணாச்சி இது புதுசா ஒரு கேள்வி? எப்பவும் உள்ளது தன்னே.”

அவன் சிரித்தது ஸ்பீக்கர் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

“திங்கக்கிழமை அந்த ஜீப்பு எடுக்கக் கூடாது. டிரைவர்கிட்டச் சொல்லு. இப்பவே சொல்லு. நான் அங்க வாரேன். உங்கிட்ட இருக்கிற என் பெட்டி எதையும் யாருக்கும் மாட்டாத” என்றார். பினு ஏன் என்று கேட்டான். “வந்து சொல்லுதேன்” என்று வைத்தார். வைத்ததும் அனில் மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை எடுத்தார். “அனிலே, உனக்கும் அதேதான். உள்சரக்கு இருக்கிறதெல்லாம் எடுத்துவை. மாட்டிவிட்ட வண்டியெல்லாம் யாருதுன்னு யோசிச்சு வை” என்றார். அந்தப் பக்கம் அனில் கத்த ஆரம்பித்தான். அவன் கத்தி முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

சஜி சங்கிலியைச் சுருட்டி வைத்துவிட்டுப் புறப்படத் தயாராக நின்றான்.

“சஜி, வண்டி இப்போ காலிதானே? விதுரைக்கு வருமா? ஒரு ஜீப்பு ஏத்தணும். கூலி நான் தாரேன்.”

“வரும் அண்ணாச்சி. ஏத்தி எந்த ஒர்க்‌ஷாப்பில இறக்கணும்?”

நெல்லையப்பன் ஷைலஜாவைப் பார்த்தார். அவள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு ஞாயிறல்லே” என்றாள். “செரி, கொண்டு வாங்க. நான் திறந்து வெக்கிறேன்.”

ஜீப்போடு திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அஸ்வதி பள்ளிக்கூடப் பையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு, அப்பா ஏறுவதற்கு முன்பே போய் வேனில் ஏறி உட்கார்ந்தாள்.